தடை இருக்கு சாமி

மாமியாரைப் புகழ்ந்து பேசுகிற மருமகளை யாரும் நம்புவதில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள், "என்னடி, சொத்து எழுதி வைக்கப் போறாங்களா?" என்று கேட்கிறார்கள். அத்தையிடம் எழுதி வைக்க என்ன இருக்கிறது? கோவில் மதிலை ஒட்டி ஓர் இஸ்திரிக் கடை. இரண்டு மேசை, ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி, குறுக்கே கட்டிய கம்பி நிறைய ஊரார் சட்டை. அவ்வளவுதான். இருந்தாலும் நான் புகழத்தான் போகிறேன். வயிறு எரிகிறவர்கள் எரியட்டும்.

தெருவில் அத்தைக்கு 'நீராவி' என்று பட்டப்பெயர். இஸ்திரிப் பெட்டியால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கோபத்தால் வந்தது என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. பித்தான் அறுந்த சட்டையைக் கொண்டுபோனால், "முதல்ல பித்தானைத் தைச்சுக்கிட்டு வா, நான் என்ன உன் பொண்டாட்டியா?" என்று திருப்பி அனுப்புவார். சட்டைப் பையில் சாவியை மறந்துவிட்டுப் போகிறவனைத் தெருமுனை வரை துரத்திப் போய், நாலு பேர் பார்க்கத் திட்டிவிட்டு, கையில் சாவியைத் திணித்துவிட்டு வருவார். சம்பந்தம் பேச முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் காலரைப் பார்த்து, "இதை யாரு தேய்ச்சது, கண்ணை மூடிக்கிட்டுத் தேய்ச்சாங்களா?" என்றார். தேய்த்தது நான்தான். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போனது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

மாமா விபத்தில் போனபோது என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. அத்தை மாமாவின் கடையில் போய் நின்றார், நின்றவர் இன்னும் நிற்கிறார். அந்தக் கத்தோலிக்கக் கோவிலின் பீடத் துணிகளையும் பூசை வைக்கிற சாமியார்களின் அங்கிகளையும் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுப்பார். அதில் அவருக்குப் பெரிய பெருமை. "பூசையில சாமி கையைத் தூக்கறப்ப மடிப்பு கத்தி மாதிரி நிக்கும் பாரு, அது என் வேலை" என்பார்.

அப்படி ஒரு காலத்தில் அங்கே பங்குத்தந்தையாக வந்தவர்தான் பாட்டுச்சாமி. நன்றாகப் பாடுவார், அதனால் அந்தப் பெயர். பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். அப்பா இல்லாத பையன் என்று என் வீட்டுக்காரர்மேல் தனிப் பிரியம் காட்டினார், பூசைக்கு உதவுகிற பீடச்சிறுவர்களில் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமைதோறும் தேய்த்த அங்கியை மகன் கையில் கொடுத்து, "சூடு ஆறுறதுக்குள்ள சாமிகிட்ட கொண்டுபோய்க் கொடு" என்று அனுப்பியது அத்தைதான். பிறகு திடீரென்று ஒரு நாள் பாட்டுச்சாமிக்கு மாற்றல் வந்தது. ஊரே அழுதது. மாலை போட்டு வழியனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே பீடத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அதற்காக அத்தையிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சம் அல்ல.

இவையெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், லிஃப்ட் பழுது பார்க்கிற, அதிகம் பேசாத, எந்த அறையில் உட்கார்ந்தாலும் கதவைத் திறந்தே வைக்கிற ஒரு மனிதரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்பது மட்டும்தான். காற்றுக்காகத் திறந்து வைக்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் முடிக்க இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. ஓலை என்பது பழைய பேச்சு, வாசிப்பது காகிதத்தைப் பார்த்துத்தான். தடை சொல்லி யாரும் எழுந்து நின்றதாக எனக்குத் தெரிந்து சரித்திரம் இல்லை. அந்த நேரத்தில்தான் எல்லோரும் இருமுவார்கள், பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிடுவார்கள்.

எங்களுக்கு முதல் ஓலை வாசித்த அன்று அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கிருந்தோ எண்ணைத் தேடிப் பிடித்துப் பாட்டுச்சாமிக்குப் போன் போட்டுவிட்டார். அவர் இப்போது வேறு ஊரில் ஆண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஹாஸ்டலுக்குப் பொறுப்பாளர். "உன் கல்யாணப் பூசைக்கு அவரே வர்றேன்னு சொல்லிட்டாருடா!" என்று அத்தை ஆனந்தமாகச் சொன்னார். மகன் தன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "கல்யாணம் வேண்டாம்" என்றார்.

அடுத்த நாள் மதியம் நான் கடைக்குப் போனேன், அவரும் அங்கே அம்மாவோடு இருந்தார். சண்டைக்குத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. "என்னைப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. ஓலை வாசிச்சப்புறம் என்ன விளையாட்டு?" என்று கேட்டேன். அத்தையும் என் பக்கம் நின்று, "கேக்குறால்ல, சொல்லுடா" என்று ஒரு சட்டையால் அவரை அடித்தார்.

அவர் கம்பியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தபடியே சொன்னார். "சனிக்கிழமை அங்கி கொண்டுபோவேன்லம்மா. வாங்கிட்டு கதவைச் சாத்திடுவாரு." ஒரு சட்டையின் காலரை நேராக்கிவிட்டு, "ரெண்டு வருஷம்" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எங்கள் மூவருக்குள் இருக்கட்டும்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார், விழுங்கிவிட்டேன். அவர் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். மகனுக்கு நேராக வந்து நின்றார்.

"நம்புறேன்டா" என்றார்.

"அப்பவே சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"தெரியலடா. சாமியைப் பத்தி இப்படிப் பேசுறியான்னு அடிச்சிருந்தாலும் அடிச்சிருப்பேன். இப்ப நம்புறேன்."

எத்தனை பேரால் இப்படி ஒரு பதிலைச் சொல்ல முடியும்? நானாக இருந்தால், 'நிச்சயமா நம்பியிருப்பேன் கண்ணா' என்று பாகு போல உருகியிருப்பேன், அவரும் அதை நம்பியிருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் ஒரே ஒன்றுதான் கேட்டார். ஆயர் இதை நம்ப வேண்டும், நம்பி அந்த ஆளை அந்த ஹாஸ்டல் பிள்ளைகளிடமிருந்து எடுக்க வேண்டும். மறைமாவட்டத்துக்கே தலைவர் அவர், அவர் சொன்னால் நடக்கும். "அது நடந்தா போதும்மா. எனக்கு வேற எதுவும் வேண்டாம். என் பேரு மட்டும் ஊருக்குள்ள வரக்கூடாது."

ஆயர் இல்லத்துக்கு மூவரும் போனோம். வழவழவென்ற தரை, பெரிய பெரிய நாற்காலிகள். ஆயர் ஊரில் இல்லை என்று அவருடைய செயலராக இருந்த சாமியார்தான் எங்களைப் பார்த்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு, "உங்கள் மனவேதனையில் நாங்களும் பங்குகொள்கிறோம். நீங்கள் சொன்னது கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும். உரிய நேரத்தில் உரிய முறையில் ஆவன செய்யப்படும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலை என்ன தெரியுமா? ஒரு போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று நாள் பூராவும் சொல்வது. அதற்கு அர்த்தம் 'போனை வை' என்பது. பயிற்சி கொடுக்கும்போதே அதைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். என்னிடமே அந்தக் கடையை விரிக்கிறாரே!

"ஃபாதர், இது என் டயலாக்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது. "நேரா சொல்லுங்க சாமி. அவரை எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"அம்மா, பதட்டப்படாதீங்க. இது புதுசா வந்த விஷயம் இல்ல. முந்தின ஆயர் காலத்துலயே கவனிச்சு, உடனே மாற்றல் கொடுத்தாச்சு. அவரும் ரொம்ப மாறிட்டார். கல்யாணத்துக்கு வர வேண்டாம்னு சொல்லிடறோம். உடம்பு சரியில்லைன்னு ஊர்ல சொல்லிக்கலாம். திருச்சபையோட நல்ல பேரையும் நாம பார்க்கணும் இல்லையா?"

என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். "புதுசு இல்லையா? அப்போ எனக்கு முன்னாடியே யாரோ சொல்லியிருக்காங்களா?"

செயலர் கோத்திருந்த கைகளைப் பிரித்தார். தவளை தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது.

அத்தை எழுந்தார். "மாற்றல் மாற்றல்னு சொல்றீங்களே, என்னத்தை மாத்துனீங்க? ஊரைத்தானே மாத்துனீங்க. ஆளை மாத்தலையே! இங்க இருந்த பிள்ளைங்க பத்தலைன்னு ஒரு ஹாஸ்டலையே தூக்கி மடியில வச்சிருக்கீங்க. உங்களுக்கெல்லாம் பிள்ளை இல்ல, சரி. ஒரு காலத்துல நீங்க பிள்ளையா இருந்ததும் மறந்துபோச்சா?" அந்த வழவழ வராந்தா முழுக்க அவர் குரல் போனது. தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "விடும்மா. யாரும் நம்ப மாட்டாங்க. கல்யாணமாவது ஒழுங்கா நடக்கட்டும்." அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை அழவில்லை. மறுவாரம் இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு காலையில் அத்தை மகனிடம் கேட்டார்: "நான் எழுந்து நின்னா உனக்குப் பரவாயில்லையா?" அவர் கேட்டார்: "என் பேரு?" "என் தலையே போனாலும் வராது." "சரி" என்றார் அவர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கே எழுந்து நிற்கப் போகிறார் என்று நினைத்தேன்.

இப்போது எங்கள் பங்குத்தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளைஞர். வாய்க்குள்ளேயே பேசுவார். மைக் இருந்தும் இரண்டாவது வரிசைக்கு மேல் எட்டாது. ஊரில் அவருக்கு முணுமுணுச்சாமி என்று பெயர். அன்றும் ஓலையை முணுமுணுத்தார். தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் என்ற இடம் வந்தது. எல்லோரும் இருமினார்கள்.

"தடை இருக்கு சாமி."

அத்தை எழுந்து நின்றார். கோவிலில் இருமல் அப்படியே நின்றுபோனது. மாப்பிள்ளையின் அம்மாவே தடை சொல்கிறாள்! என் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அடிப்பாவி, பிடிக்கலைன்னா வீட்டுல சொல்லக்கூடாதா" என்று முனகினார். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது.

அத்தை எங்களைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ணு தங்கம். தடை அவ மேல இல்ல. என் பையன் மேலயும் இல்ல. பூசை வைக்க நான் வாய் நிறையக் கூப்பிட்டேனே பாட்டுச்சாமி, அவர் மேலதான் தடை. அவரு பிள்ளைங்க மேல கை வச்சவரு. எந்தப் பிள்ளைன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஆயர் வீட்டுக்கு இது தெரியும். தெரிஞ்சுதான் ஊர் மாத்தி ஊர் அனுப்பியிருக்காங்க. இப்பவும் அவர்கிட்ட ஒரு ஹாஸ்டல் பிள்ளைங்க இருக்கு. அந்தப் பிள்ளைங்களுக்காகத் தடை சொல்றேன்."

"உக்காரும்மா! கோவில்னு நெனச்சியா, உன் கடைன்னு நெனச்சியா?" என்று கோவில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைத் தலைவர் கத்தினார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். யாரோ, "காசு கேட்டிருப்பா, கிடைச்சிருக்காது" என்றார்கள். அத்தை முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஊரையே அதட்டுகிற அத்தை எதையாவது பிடித்துக்கொண்டு நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது முணுமுணுச்சாமி மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "அவங்களைப் பேச விடுங்க." கடைசி வரிசை வரை கேட்டது. "தடைன்னு ஒருத்தர் சொல்லிட்டா, விசாரிக்காம அடுத்த வரியை நான் வாசிக்க முடியாது. அதுதான் சட்டம். இதை இன்னைக்கே நான் ஆயர்கிட்ட கொண்டுபோறேன். ஆயர் பேசலைன்னா போலீஸ்ல பேசுவேன்." அவருக்கு மேலே இருக்கிறவர்களைப் பற்றி, அவர்களுக்குக் கீழே இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

பின்னாலிருந்து ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எலெக்ட்ரிக் கடைக்காரர் எழுந்து நின்றிருந்தார். தலை வழுக்கை விழுந்த, பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிற மனிதர். பக்கத்தில் அவர் மனைவி ஒன்றும் புரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் தடை சொல்றேன் சாமி" என்றார். "இவங்க சொல்றது உண்மை. எனக்குத் தெரியும். நான் அப்பவே ஒரு தடவை ஆயர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்."

யாரும் கத்தவில்லை. எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

என் பக்கத்து வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்தார். அம்மாவும் கடைக்காரரும் நிற்பது போல அவரும் நின்றார். பிறகு நானும் எழுந்தேன், எனக்கு வேறு என்ன தெரியும்?

இரண்டு நாள் கழித்து, மதியம், ஆயர் கடைக்கு வந்தார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து வந்தார். வயதானவர். கடையில் நாற்காலி இருந்தது, அதன்மேல் துணி மூட்டை இருந்தது. அத்தை மூட்டையை எடுக்கவில்லை. ஆயர் நின்றார்.

"அம்மா, திருச்சபை சார்பா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

"சார்பு எல்லாம் எனக்கு வேண்டாம். கேக்க வேண்டியதும் என்கிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு அத்தை மகனைக் கூப்பிட்டார். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"அவரை ஹாஸ்டல்ல இருந்து நேத்தே எடுத்தாச்சு தம்பி" என்றார் ஆயர். "போலீஸ்லயும் நானே போய்ச் சொல்லிட்டேன். அந்தப் பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் ஒவ்வொண்ணா போகப் போறேன்."

என் வீட்டுக்காரர் கேட்டார்: "நீங்க என்னை நம்புறீங்களா?"

ஆயர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உங்களை நம்பாம இருந்ததே இல்ல. அந்தக் கடைக்காரர் சின்ன வயசுல வந்து சொன்னப்போ, முந்தின ஆயர் எங்க அஞ்சாறு பேரைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். நானும் அந்த அறையில உக்காந்திருந்தேன். அந்தப் பையன் பொய் சொல்றான்னு எங்கள்ல ஒருத்தர்கூட நினைக்கலை. நம்பினோம். நம்பினதாலதான் மாத்தினோம். மாத்தலாம்னு கையைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்."

சட்டைகள் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன. இத்தனை வருடமாக என் வீட்டுக்காரர் யாரும் நம்ப மாட்டார்கள் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாரே! அவர்கள் நம்பியே இருந்திருக்கிறார்கள். இதை என்ன செய்வது? எனக்கு அந்தக் கிழவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. அத்தைக்கு என்னைவிடக் கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

அத்தை நாற்காலியில் இருந்த மூட்டையை எடுத்துக் கீழே வைத்தார். "இப்பத்தான் உங்க வீட்டுல இருந்து ஒரு உண்மை வந்திருக்கு. உக்காருங்க. இதையே போலீஸ்லயும் சொல்லணும். உங்க பேரையும் சேர்த்து."

"சொல்றேன்மா" என்றார் ஆயர். உட்கார்ந்தார். சொன்னார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வழக்கு இன்னும் நடக்கிறது, கடைக்காரரும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தே போய் வருகிறார்கள். ஊரில் பாதிப் பேர் சட்டையை இப்போது வேறு கடைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆயர் கிளம்பும்போது, விருப்பப்பட்டால் கல்யாணப் பூசையைத் தானே வைப்பதாகச் சொன்னார். "வேண்டாம், எங்க முணுமுணுச்சாமியே போதும்" என்றுவிட்டார் அத்தை. அவரும் தன் வழக்கப்படியே வைத்தார். நான் எதற்கெல்லாம் சம்மதம் சொன்னேன் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

ஆயர் தெருமுனை திரும்புகிற வரை அத்தை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவை. "நான்தானேடா அனுப்பினேன். சூடு ஆறுறதுக்குள்ள போன்னு நான்தானே விரட்டி விரட்டி அனுப்பினேன்."

என் வீட்டுக்காரர் அம்மாவைத் தொடாமல் பக்கத்தில் நின்றார். அவருக்கு இதெல்லாம் வராது. "ஏம்மா, அவங்களும் நம்பினாங்க, நீயும் நம்பின" என்றார். "அவங்க நம்பி மறைச்சாங்க. நீ நம்பி எழுந்து நின்ன. முதல்ல நின்னது நீதாம்மா."

அத்தை மூக்கை உறிஞ்சினார். என்னைப் பார்த்து, "என்ன வேடிக்கை, பிளக்கைப் போடு" என்றார். நான் போட்டேன். நன்றி அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகையில் சொல் வரவில்லை. அதனால்தான் இதையெல்லாம் எழுதினேன்.